துருவம் தெரியாத மலையில் வடக்கைத் தேடி: கல்வராயன் முதல் காவலூர் வரை

பகல் பன்னிரண்டு மணிக்கு மண்டப வாசல்ல நின்னு "அதோ அருந்ததி" என்று காட்டுற ஊர் நம்ம ஊர். காட்டுறவருக்கும் தெரியாது, பார்க்கிறவருக்கும் தெரியாது, ஆனா எல்லாரும் தலையாட்டுவோம். இன்னைக்கு எபிசோடும் கிட்டத்தட்ட அதே விஷயம்தான். கண்ணுக்குத் தெரியாத ஒரு நட்சத்திரத்தை நோக்கி ஒரு கருவியைத் துல்லியமா எப்படித் திருப்புறது? நம்ம மண்ணில் இதை யார் யார், எப்படியெல்லாம் செய்தாங்க?

இடம்: கல்வராயன் மலை. 2019-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியின் மேற்கு எல்லை. நீங்க நண்பர்களோட வெள்ளிமலை பக்கம் போறீங்க. சேர்த்து வைத்த காசில் வாங்கிய டெலஸ்கோப் வண்டியில் இருக்கு. நகரத்து வெளிச்சம் கீழேயே நின்னுடுச்சு. மேலே நட்சத்திரம் கொட்டிக் கிடக்கு. கையேட்டைத் திறக்கிறீங்க. முதல் வரியே "துருவ நட்சத்திரத்தைக் கண்டுபிடியுங்கள்" என்கிறது.

வடக்கே பார்த்தா ஒரு மலை முகடு நிக்குது. துருவ நட்சத்திரம் அதுக்குப் பின்னாடி.

பன்னிரண்டு பாகை உயரத்தில் ஒரு நட்சத்திரம்

ஏன் இப்படி? கணக்கு ரொம்ப எளிது. ஓர் ஊரின் அட்சரேகை எவ்வளவோ, அந்த ஊரில் வான துருவம் அடிவானத்திலிருந்து அவ்வளவு உயரத்தில் இருக்கும். லண்டனில் 51 பாகைக்கு மேல். டெல்லியில் சுமார் 28. கள்ளக்குறிச்சி நகரத்தின் அட்சரேகை 11 பாகை 44 கலை. மலைமேல் போனாலும் 12-ஐத் தொடாது. கையை நீட்டி முஷ்டியை மடக்கினா அதன் அகலம் சுமார் 10 பாகை. அதாவது நமக்குத் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் ஒரு முஷ்டியும் கொஞ்சமும்தான். தொண்ணூறு மீட்டர் தள்ளி நிற்கிற இருபது மீட்டர் மரம் ஒன்று போதும், அதை மறைக்க. மரம் இல்லைன்னா பனி. பனி இல்லைன்னா தூரத்து ஊரின் வெளிச்சம்.

சரி, அது எதுக்கு வேணும்? பூமி சுத்துது, அதனால வானம் மணிக்கு 15 பாகை நகர்ற மாதிரி தெரியுது. பெரிதாக்கிப் பார்க்கும்போது அந்த நகர்வும் பெரிதாகும். வியாழனைக் கண்ணாடிக்குள் கொண்டு வந்த கொஞ்ச நேரத்திலேயே அது ஓடிப் போயிடும். இதுக்குத் தீர்வு, டெலஸ்கோப்பைத் தாங்கும் தாங்கியின் ஓர் அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையா வைத்து, பூமி சுத்தும் வேகத்திலேயே எதிர்த்திசையில் சுத்துறது. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் 1824-இல் டோர்பாட் ஆய்வகத்துக்குச் செய்து கொடுத்த தொலைநோக்கியில் இந்த ஏற்பாடு கடிகார இயந்திரத்தோடு அமைந்தது. இன்று நம்ம கையில் இருக்கிற சின்னத் தாங்கிகள் அந்தக் குடும்பத்து வாரிசுகள்தான்.

பிரச்சினை, அந்த அச்சு வான துருவத்தை நோக்கியே இருக்கணும். துருவ நட்சத்திரம் இன்று வான துருவத்திலிருந்து முக்கால் பாகைக்கும் குறைவான தூரத்தில் இருப்பதால் வடக்கு நாடுகளில் வேலை சுலபம். தாங்கியின் குழாய் வழியா அதைப் பார்த்தா முடிஞ்சது. இந்தச் சௌகரியமும் நிரந்தரம் இல்லை. பூமியின் அச்சு பம்பரம் மாதிரி மெதுவா ஆடுறதால, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இதே நட்சத்திரம் துருவத்திலிருந்து பத்து பாகைக்கு மேல் விலகி நின்றது. சங்க காலத்தில் வடக்கைக் காட்ட இன்றைய துருவ நட்சத்திரம் உதவியிருக்காது.

அப்போ அவங்க என்ன செய்தாங்க?

நிழலைக் கேட்டவர்கள்

பத்துப்பாட்டில் நெடுநல்வாடை இருக்கு இல்லையா, நக்கீரர் பாடியது. அதில் அரண்மனைக்கு மனை வகுக்கும் காட்சி ஒன்று வருது. கோல் நட்டு, சூரியனின் நிழலை வைத்துத் திசை குறித்து, நூல் பிடித்து அளக்கிறாங்க. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதைச் சித்திரை மாதத்து நடுப்பகல் என்று விளக்குகிறார். தென்தமிழ்நாட்டில் சித்திரையில் சூரியன் நடுப்பகலில் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே வரும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால் அந்த விளக்கத்தின் ருசி இன்னும் கூடும்.

இதன் முழு வடிவத்தைச் சிற்ப நூல்கள் சொல்கின்றன. மயமதம், மானசாரம் போன்றவற்றில் சங்கு வைத்துத் திசை காணும் முறை இருக்கு. சங்கு என்றால் இங்கே ஊதுற சங்கு இல்லை, நேராக நட்ட கோல். சமதளத் தரையில் கோலை நட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டம் போடணும். காலையில் நீண்ட நிழல் சுருங்கி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி. மாலையில் நிழல் திரும்ப நீண்டு வட்டத்தைத் தொடும் இடத்தில் இன்னொரு புள்ளி. இரண்டையும் இணைத்தால் கிழக்கு மேற்கு. அதுக்குச் செங்குத்தா ஒரு கோடு போட்டா வடக்கு தெற்கு. காந்தமும் வேண்டாம், நட்சத்திரமும் வேண்டாம்.

இந்தப் பழைய முறை கல்வராயன் மலையில் இன்றும் வேலை செய்யும். சொல்லப்போனா திசைகாட்டியை விட நம்பகமா வேலை செய்யும். தமிழ்நாட்டில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றிரண்டு பாகைதான், அது பெரிய சிக்கல் இல்லை. ஆனா சேலம் கஞ்சமலை, திருவண்ணாமலை கவுத்திமலை என்று இந்த வட்டாரத்துப் பாறைகளில் காந்தத் தன்மையுள்ள இரும்புத் தாது உண்டு. அது போதாதென்று உங்க தாங்கியே இரும்பு, பக்கத்தில் வண்டி, கையில் போன். முள் எதைக் காட்டுதுன்னு யாருக்குத் தெரியும்?

அதே கோட்டில் ஒரு பட்டாளத்துக்காரர்

இப்போ 1802-க்குப் போவோம். அந்த ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி பரங்கிமலைக்குப் பக்கத்தில் ஏழரை மைல் நீள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். பின்னாளில் இமயம் வரை போன மாபெரும் முக்கோண அளவையின் பிள்ளையார் சுழி அதுதான். அந்தச் சங்கிலி சீனப் பேரரசருக்கு மெக்கார்ட்னி தூதுக்குழு கொண்டுபோய், அங்கே எடுபடாமல் திரும்பி வந்த பொருள். அவருடைய அரை டன் எடையுள்ள கோணமானி வரும் வழியில் பிரெஞ்சுக் கப்பலிடம் சிக்கி, மொரீசியஸ் போய், அங்கிருந்து மரியாதையோடு திருப்பி அனுப்பப்பட்டது.

லாம்டன் அளந்த முதல் தீர்க்கரேகைத் துண்டின் தெற்கு முனை கடலூர் அருகே திருவந்திபுரம். தேவநாதப் பெருமாள் கோயில் இருக்கிற அதே ஊர். அவர் கண்ட அட்சரேகை 11 பாகை 44 கலை 52 விகலை. இந்த எண்ணைக் கொஞ்சம் முன்னாடி கேட்ட மாதிரி இருக்கா? ஆமா, கள்ளக்குறிச்சியும் 11 பாகை 44 கலைதான். வரைபடத்தில் திருவந்திபுரத்திலிருந்து நேர் மேற்கே ஒரு கோடு இழுத்தா அது கள்ளக்குறிச்சியை ஒட்டிப் போய்க் கல்வராயன் மலையில் ஏறும். லாம்டனுக்கும் உங்களுக்கும் ஒரே வானம், ஒரே உயரத்தில் துருவம்.

துருவத்தின் உயரமே அட்சரேகை என்றால், துருவ நட்சத்திரத்தை நேரா அளந்துட்டுப் போயிருக்கலாமே? அட்சரேகைக்கு லாம்டன் நம்பியது அதை இல்லை. ஒளி காற்றுக்குள் நுழையும்போது வளையும். தலைக்கு நேர் மேலே இந்த வளைவு பூஜ்யம். 12 பாகை உயரத்தில் அது சுமார் நாலரை கலை. அட்சரேகையில் ஒரு கலை என்பது தரையில் ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர். அப்படிப் பார்த்தா, திருத்தம் போடாவிட்டால் எட்டு கிலோமீட்டருக்கு மேல் பிழை. திருத்தம் போட்டாலும் அன்றைய வெப்பம், காற்றழுத்தம் பொறுத்து அந்தத் திருத்தமே ஆடும். பூமியின் வடிவத்தையே அளக்க வந்தவருக்கு அது கட்டுப்படியாகாது.

அதனால் அவர் அண்ணாந்து பார்த்தார். உச்சிவானத்தை மட்டும் அளக்கும் ராம்ஸ்டன் கருவியை வைத்து, தலைக்கு நேர் மேலே கடக்கும் நட்சத்திரங்களை இரவு இரவாக அளந்தார். வடக்கே தாழ்ந்து மங்கித் தெரியும் ஒன்றை விட, உச்சியில் தெளிவாகத் தெரியும் பல நட்சத்திரங்கள் மேல் என்பது அவர் எடுத்த முடிவு. இந்த முடிவை மனசில் வச்சுக்கோங்க, கடைசியில் திரும்ப வரும்.

நகர்வே திசை சொல்லும்

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புகைப்படம் வானியலுக்குள் வந்தது. கண்ணால் பார்க்கும்போது தாங்கி கொஞ்சம் தவறா இருந்தாலும் சமாளிக்கலாம். மணிக்கணக்கில் தகடு திறந்திருக்கும்போது சமாளிக்க முடியாது, நட்சத்திரம் கோடாகிவிடும். 1887-இல் முழு வானத்தையும் படமெடுக்கும் சர்வதேசத் திட்டம் ஒன்று தொடங்கியது. ஜெர்மனியின் போட்ஸ்டாம் ஆய்வகமும் அதில் சேர்ந்தது. அங்கே பணியாற்றிய யூலியுஸ் ஷைனர் என்பவரின் பெயரால்தான் ஜெர்மானியர்கள் இந்த முறையை இன்றும் ஷைனர் முறை என்கிறார்கள். மற்றவர்கள் நகர்வு முறை என்கிறார்கள்.

இதன் அடிப்படை ஒன்றே ஒன்றுதான். அச்சு சரியாக இருந்தால் நட்சத்திரம் கண்ணாடியில் அசையாமல் நிற்கும். தவறாக இருந்தால் மெல்ல வடக்கோ தெற்கோ விலகும். எந்தப் பக்கம் விலகுதுன்னு பார்த்தா, அச்சு எந்தப் பக்கம் தவறியிருக்குன்னு சொல்லிடலாம். துருவத்தைப் பார்க்கவே தேவையில்லை.

கல்வராயனில் இதை எப்படிச் செய்யறது?

பகலிலேயே போய்ச் சேர்ந்துடுங்க. நிழலால் வடக்கு தெற்குக் கோட்டைத் தரையில் போட்டு வையுங்க. வட்டம் போட நேரமில்லைன்னா, சூரியன் உச்சிக்கு வரும் நேரத்து நிழலே வடக்கு தெற்குதான். ஆனா அந்த நேரம் கடிகாரத்தின் பன்னிரண்டு இல்லை. இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு உரியது, நாம் அதுக்கு மேற்கே இருக்கிறோம். அதனால் இங்கே உச்சி நேரம் சராசரியா 12.15, மாதத்தைப் பொறுத்து 11.58-லிருந்து 12.29 வரை மாறும். இன்னொரு எச்சரிக்கை. ஏப்ரல் 21, ஆகஸ்ட் 22 வாக்கில் இங்கே சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடும், நிழலே விழாது. அந்த இரண்டு நாளுக்கும் நடுவில் உச்சி நிழல் தெற்கே விழும். ஐரோப்பியக் கையேட்டில் நிழல் எப்பவும் வடக்கேதான் விழும்னு போட்டிருந்தா நம்பிடாதீங்க.

தாங்கியைச் சமமட்டம் பார்த்து வைத்து, அச்சை அந்தக் கோட்டோடு சேர்த்து, சாய்வை 11.8 பாகைக்கு வையுங்க. சாய்வை அளக்கப் போனே போதும். சில தாங்கிகள் இவ்வளவு கீழே இறங்காது, எடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். வடக்குப் பக்கத்துக் காலுக்கு அடியில் ஒரு பலகை கொடுத்தா அது சரியாகாது, இன்னும் உயரும். தெற்குக் காலைத்தான் உயர்த்தணும்.

இருட்டினதும் முதல் நட்சத்திரம். உச்சிக்கோட்டுக்குப் பக்கத்தில், வான நடுக்கோட்டை ஒட்டி இருக்கணும். ஜனவரி இரவு என்றால் வேட்டைக்காரனின் இடுப்பில் இருக்கும் மூன்றில் மேற்கே உள்ள மின்டகா கச்சிதம். அதை மையத்தில் வைத்து ஓட விடுங்க. நட்சத்திரம் தெற்கே நகர்ந்தா அச்சு கிழக்கே தள்ளி இருக்கு, வடக்கே நகர்ந்தா மேற்கே தள்ளி இருக்கு. தாங்கியைக் கிடைமட்டமாத் திருப்பிச் சரி பண்ணுங்க. கண்ணாடியில் எது வடக்குன்னு குழப்பமா? டெலஸ்கோப்பை லேசா வடக்கே அசைங்க, நட்சத்திரம் எந்தப் பக்கம் போகுதோ அது தெற்கு.

அடுத்து கிழக்கே, இருபது முப்பது பாகை உயரத்தில் இன்னொரு நட்சத்திரம். அது தெற்கே நகர்ந்தா அச்சு தாழ்ந்திருக்கு, வடக்கே நகர்ந்தா உயர்ந்திருக்கு. சாய்வைத் திருத்துங்க. பிறகு முதல் நட்சத்திரத்துக்குத் திரும்பி ஒரு தடவை சரிபாருங்க. அவ்வளவுதான்.

எவ்வளவு நேரம் ஆகும்? அச்சு ஒரு பாகை தவறியிருந்தால் நட்சத்திரம் நிமிடத்துக்கு சுமார் 15 விகலை நகரும். மூன்று நிமிடத்தில் வியாழனின் அகலம் அளவுக்கு. பெரிய தவறு சீக்கிரம் தெரிஞ்சிடும், சின்னத் தவறுக்குத்தான் பொறுமை வேணும். இதில் நம்ம ஊருக்கே உரிய ஒரு விஷயம் உண்டு. லண்டன்காரர் கிடைமட்டத் திசையில் ஒரு பாகை தவறினால் வானத்தில் அது சுமார் 0.6 பாகைத் தவறுதான். நமக்கோ அது கிட்டத்தட்ட முழு பாகை. துருவம் தாழ்ந்திருக்கிற ஊரில் வடக்கைத் தவறவிட்டால் தண்டனை அதிகம். இதைச் சொல்லாத கையேடுகளை நம்பி, "நான் வாங்கின டெலஸ்கோப் சரியில்லை" என்று பரண்மேல் ஏற்றிவிட்டவர்கள் நிறைய இருப்பாங்க. கருவி மேல தப்பு இல்லை, அந்தக் கையேடு வேற வானத்துக்கு எழுதினது.

இப்போ கேமராவைப் பூட்டி மூன்று படம் எடுத்தால் மென்பொருளே பிழையைக் கணக்கிட்டுச் சொல்லுது.

தாழ்ந்த துருவம், உயர்ந்த தெற்கு

இவ்வளவு தொல்லையா இருக்கே, நம்ம இடம் வானியலுக்கு ஏற்றது இல்லையோன்னு தோணலாம். வரலாறு நேர் எதிராச் சொல்லுது.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வான் ஆய்வகம் வந்தது. கருவியைத் தாங்கிய கருங்கல் தூண், தமிழ் உட்படப் பல மொழிக் கல்வெட்டுடன், இன்றும் அங்கே வானிலை மைய வளாகத்தில் நிற்குது. அந்த ஆய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். தெற்கு வானத்தில் மைனஸ் 63 பாகையில் இருக்கும் அது, லண்டனில் ஒருநாளும் உதிக்காது. சென்னையில் அதிகபட்சம் 14 பாகை உயரம் வரும். அந்தப் 14 பாகை அவருக்குப் போதுமாக இருந்தது.

1960-இல் கொடைக்கானல் ஆய்வகத்துக்கு இயக்குநராக வந்த வைணு பாப்பு, புதிய இரவு வான் ஆய்வகத்துக்கு இடம் தேடினார். கிடைத்தது ஜவ்வாது மலையில் ஆலங்காயத்துக்குப் பக்கத்துக் காவலூர். வரைபடத்தை எடுத்துப் பாருங்க. கல்வராயன் மலையிலிருந்து கிட்டத்தட்ட நேர் வடக்கே, எண்பது கிலோமீட்டர் வாக்கில். நீங்க மலைமுகட்டுக்குப் பின்னால் தேடுற துருவம் சரியா காவலூருக்கு மேலேதான் நிக்குது.

அங்கே 1968-இல் கொடைக்கானல் பட்டறையில் செய்த 38 செ.மீ. தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அதன் வளையங்களின் தடயத்தைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1982-இல் பாப்பு இறந்தார். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி, இந்தியாவிலேயே உருவானது, 1986 ஜனவரி 6 அன்று அவர் பெயரோடு திறக்கப்பட்டது. குதிரை லாட வடிவத் தாங்கியில் நிற்கும் அதன் அச்சுக்குச் சாய்வு வெறும் பன்னிரண்டரை பாகை. படுக்கப் போகிற யானை மாதிரி இருக்கும்.

அடுத்த ஆண்டே சோதனை வந்தது. 1987 பிப்ரவரியில் பெரிய மெகல்லன் மேகத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்தது. 1604-க்குப் பிறகு வெறுங்கண்ணுக்குத் தெரிந்த பிரகாசமான முதல் பெருநட்சத்திர வெடிப்பு. ஆனா அது இருந்தது மைனஸ் 69 பாகையில். ஐரோப்பாவின் ஆய்வகங்களுக்கு அது அடிவானத்துக்குக் கீழே. காவலூரில்? அதிகபட்சம் 8 பாகை உயரம். ஒரு முஷ்டிக்கும் குறைவு. உச்சியில் இருப்பதைப் போல சுமார் ஏழு மடங்கு காற்றைத் துளைத்துக்கொண்டு பார்க்கணும். பார்த்தாங்க. முதல் சில வாரங்களில் காவலூரில் எடுத்த நிறமாலைகள் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தன.

வடக்கே துருவம் எவ்வளவு தாழுதோ, தெற்கே வானம் அவ்வளவு திறக்குது. இரண்டும் ஒரே சாய்வு. பன்னிரண்டு பாகையில் துருவ நட்சத்திரத்தை இழக்கிறவருக்குத்தான் தெற்குச் சிலுவையும், ரகுநாதாச்சாரியின் நட்சத்திரமும், 1987-இன் வெடிப்பும் கிடைக்குது.

அதனால அடுத்த தடவை வெள்ளிமலையில் வடக்கே முகடு மறைச்சா மூட்டை கட்டாதீங்க. லாம்டன் செய்த மாதிரி அண்ணாந்து பாருங்க, தெளிவாத் தெரியுற நட்சத்திரம் ஒன்றைப் பிடிங்க, அது நகர்ற திசையைக் கவனிங்க. வடக்கு சரியானதும் டெலஸ்கோப்பைத் தெற்கே திருப்புங்க. அங்கேதான் நமக்கு நிறைய இருக்கு.

முயற்சி பண்ணிப் பார்த்துட்டு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.